குட்டிக்குக் கூடு, மூத்ததுக்குச் சங்கிலி

‘சின்னக் குட்டியைக் கூட்டுக்குள்ள போட்டுப் பூட்டுறதா? பாவமெல்லோ!’ என்று கேட்கிற அதே வீட்டின் பின்வளவில், மாமரத்தடியில் இன்னொரு நாய் பகல் முழுக்கச் சங்கிலியில் நிற்கும். அது பாவமில்லையாம். அது ‘வீட்டைப் பாக்கிற நாய்’. எங்கட ஊர் வீடுகளுக்குப் புதுக்குட்டி வரும்போது நடக்கிற கதையில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

எங்கட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குட்டியைக் கூட்டுக்குப் பழக்குவது, அதாவது கிரேட் ட்ரெய்னிங், கொடுமை அல்ல. ஒழுங்காகச் செய்தால் குட்டிக்கும் நல்லது, வீட்டுக்காரருக்கும் நல்லது. ஆனால் வீட்டில் ஏற்கனவே ஒரு நாய் நிற்குதென்றால், அதின்ர நிலையை யோசிக்காமல் குட்டிக்கு மட்டும் கூடு வாங்குவது நியாயமும் இல்லை, பிரயோசனமும் இல்லை.

முதலில் கூட்டைப் பற்றிக் கதைப்பம். எங்கட ஆக்களுக்கு நாய்க்கூடு புதுசு இல்லை. மதிலோரம் கம்பிவலை அடிச்சு, மேலே தகரம் போட்டு, பகலில் நாயை உள்ளே விட்டு இரவில் திறந்துவிடுகிற கூடுகள் எத்தனையோ வீட்டில் இருக்கு. அதைக் கண்டு வளர்ந்தபடியால்தான் கிரேட் என்றதும் எங்களுக்கு மறியல் ஞாபகம் வருது. இரண்டும் ஒன்றல்ல. கிரேட் என்பது குட்டி தானாகப் போய்ப் படுக்கிற ஒரு சின்ன அறை. அனேகமான நேரம் அதின்ர கதவு திறந்தே இருக்க வேணும். கதவைப் பூட்டுவது, குட்டி உள்ளே இருக்கப் பழகின பிறகு, குறுகின நேரத்துக்கு மட்டும்.

இது ஏன் வேலை செய்யுது? நாய் தான் படுக்கிற இடத்தை ஊத்தையாக்க விரும்பாது. அந்தக் குணத்தை வைத்துத்தான் வெளியில் மூத்திரம் பெய்யப் பழக்கலாம். அதற்குக் கூடு அளவாக இருக்க வேணும்: குட்டி நிமிர்ந்து நிற்க, திரும்ப, கால்நீட்டிப் படுக்க இடம் காணும். ‘பெரிசா எடுங்கோ, வளந்தாப் பிறகும் காணும்’ என்று கடையில் சொல்லுவார்கள். பெரிய கூட்டில் ஒரு மூலையில் படுத்து மற்ற மூலையில் குட்டி காரியத்தை முடிச்சுவிடும். பெரிசாக வாங்கினால் நடுவில் ஒரு தடுப்பு வையுங்கோ, குட்டி வளர வளர அதைத் தள்ளலாம்.

குட்டி எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு பொதுக்கணக்கு இருக்கு: ஒரு மாத வயதுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். அப்ப இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணித்தியாலம்தான். நித்திரையால் எழும்பின உடனே, சாப்பிட்ட பிறகு, விளையாடின பிறகு என்று வெளியில் கொண்டுபோக வேணும். இரவிலும் ஒருக்கா இரண்டுதரம் எழும்பத்தான் வேணும். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பின்னேரம் வருகிற வீட்டில், எட்டு மணித்தியாலம் குட்டியைப் பூட்டி வைத்தால் அது படுக்கையிலேயே பெய்ய வேண்டிவரும். படுக்கிற இடம் துப்பரவாக இருக்க வேணும் என்ற அதின்ர குணமே உடைஞ்சு போகும். அப்படியான வீட்டுக்கு எங்கட ஆலோசனை, கூடு வேண்டாம் என்பதில்லை. இப்போதைக்குக் குட்டியே வேண்டாம் என்பதுதான்.

பழக்குகிற முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கதவைத் திறந்து வைத்து உள்ளே சாப்பாட்டை வையுங்கோ. தானாகப் போய்வரட்டும். பிறகு சாப்பிடுகிற நேரம் மட்டும் கதவைச் சாத்துங்கோ. பிறகு ஐந்து நிமிசம், பத்து நிமிசம். இரவில் கூட்டை ஆக்கள் படுக்கிற அறையில் வையுங்கோ. தாயையும் கூடப்பிறந்ததுகளையும் விட்டு வந்த குட்டி, ஆளின்ர மூச்சுக் கேட்டால் கெதியாக அடங்கும். செருப்பைக் கடிச்சதுக்குத் தண்டனையாக ஒருநாளும் கூட்டுக்குள் போடாதேங்கோ, பிறகு அந்தப் பக்கமே போகாது. எங்கட வெயிலையும் யோசியுங்கோ. நாய் எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்த்துக் குளிராது, இளைச்சுத்தான் சூட்டைக் குறைக்கும். வெளிநாட்டு வீடியோவில் கூட்டைப் போர்வையால் மூடுகினம் என்று, பங்குனி சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே மூடிவைத்தால் குட்டி செத்தே போகும்.

ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை: கூட்டை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் பயணம் போன்ற சில தேவைகளுக்கு அப்பால் நாயை வீட்டில் மூடிய கூட்டுக்குள் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அந்தச் சட்டங்கள் சொல்லுகிற நியாயம் எங்களுக்கு விளங்குது. ஆனால் அதைக் காட்டிக் கூட்டைத் திட்டுகிற ஆக்கள், சங்கிலியைப் பற்றியும் வாய் திறக்க வேணும்.

இனி மூத்த நாய்க்கு வருவம். இவ்வளவு காலமும் அந்த வளவு அதின்ர ராச்சியம். திடீரென்று ஒரு குட்டி வந்து விறாந்தையில் ஓடுது, குசினிக்குள் போகுது, மடியில் ஏறுது. மூத்தது சங்கிலியில் நின்று இதெல்லாத்தையும் பார்க்குது. சங்கிலியில் நிற்கிற நாய்க்கு விலகிப்போக வழி இல்லை. குட்டி கிட்டப் போனால் உறுமுவதும் கடிப்பதும் மட்டும்தான் அதுக்கு மிச்சம். கடிச்சால், ‘இந்த நாய்க்குப் பொறாமை’ என்று அடி விழும். உறுமுவது ‘தள்ளிப்போ’ என்று அது சொல்லுகிற பாஷை. அதுக்கு அடிச்சால், அடுத்தமுறை உறுமாமல் நேரே கடிக்கும்.

உண்மையில் கூட்டின்ர பெரிய உதவியே இந்த இடத்தில்தான். குட்டி ஓய்வாகக் கூட்டுக்குள் இருக்கிற நேரம், மூத்தது நிம்மதியாக வீட்டுக்குள் வரலாம், மணந்து பார்க்கலாம், ஆக்களோடு இருக்கலாம். முதல் சந்திப்பை மூத்ததின்ர வாசலில் வைக்காமல், நாய் இல்லாத ஒரு அயல்வளவில் வையுங்கோ. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கக்கூடாது, பார்வோ நோய் அதைக் கொண்டுபோயிடும். இரண்டுக்கும் சாப்பாடு வேறவேற இடத்தில். குட்டியின்ர கூட்டுக்குள் மூத்தது தலைபோடக்கூடாது. அதேபோல மூத்தது படுக்கிற சாக்குக்குக் குட்டியும் போகக்கூடாது. குட்டிக்கு ஒரு அறை என்றால் மூத்ததுக்கும் ஒரு இடம்.

இதைச் சொன்னால் பலபேர் சிரிப்பார்கள். ‘அது ஊர் நாய்தானே, அதுக்கு என்ன அறை?’ இந்தக் கேள்வியில்தான் எங்களுக்குப் பிரச்சினை. விலை கொடுத்து வாங்கின லப்ரடோரையும் ஜேர்மன் ஷெப்பேர்ட்டையும் எங்கட ஊரில் ‘சாதி நாய்’ என்றுதான் சொல்லுகிறோம். தெருவில் பிறந்த நாய்க்கு ஆங்கிலத்தில் ‘பரையா டோக்’ என்று பெயர். அந்தச் சொல் ‘பறையர்’ என்ற எங்கட சாதிப்பெயரில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மனிசருக்குச் செய்த அநியாயத்தைச் சொல்லோடு சேர்த்து நாய்க்கும் கொடுத்திருக்கிறோம். எது வீட்டுக்குள் வரலாம், எது வாசலோடு நிற்க வேணும், எதுக்குத் தனிப் பாத்திரம் என்ற பட்டியல் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் வெக்கமாகத்தான் இருக்கும்.

சட்டம் வந்து திருத்தும் என்று காத்திருக்கவும் ஏலாது. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க எங்கட நாட்டில் இருக்கிற கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, வெள்ளைக்காரன் காலத்தது. அது சொல்லுகிற தண்டப்பணம் நூறு ரூபாய். இண்டைக்கு அந்தக் காசுக்கு ஒரு இறாத்தல் பாண் கூட வாங்க ஏலாது.

‘களவர் வந்தால் யார் குரைக்கிறது?’ என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சங்கிலியில் நிற்கிற நாய் குரைக்க மட்டும்தான் செய்யும். வளவுக்குள் அவிழ்த்துவிட்ட நாயும் அதே குரையலைக் குரைக்கும். படலையை ஒழுங்காகச் சாத்தி, வேலியில் இருக்கிற பொட்டை அடைச்சாலே சங்கிலிக்குத் தேவை பாதி குறைஞ்சுவிடும். கூடு வாங்குகிற காசில் அந்த வேலையையும் செய்யலாம்.

கம்பஸ் லீவுக்கு வீட்டுக்குப் போகிற எங்களில் கனபேர், தம்பி தங்கச்சி ஆசைப்பட்டதென்று குட்டியோடு போகிறோம். லீவு முடிஞ்சு நாங்கள் பஸ் ஏறிவிடுவம். குட்டியும் மூத்ததும் அம்மாவின்ர பொறுப்பு. ஆனபடியால் குட்டியைத் தூக்குவதற்கு முதல் வீட்டில் இருக்கிற ஆக்களோடு கதையுங்கோ: பகலில் யார் நிற்பது, இரவில் யார் எழும்புவது, மூத்ததை எத்தனை மணிக்கு அவிழ்ப்பது. இதற்கு மறுமொழி இல்லையென்றால் குட்டி கொஞ்சக்காலம் பொறுக்கலாம். சங்கிலியில் நிற்கிறது மட்டும் இனியும் பொறுக்கத் தேவையில்லை, அதை இண்டைக்கே அவிழ்க்கலாம்.