கத்தரிக்கோலுக்கு என்ன அவசரம்?

குழந்தை பிறந்த கையோடு தொப்புள்கொடியை வெட்டிவிட வேண்டும் என்பது நம்மிடையே ஆழ வேரோடிய நம்பிக்கை. சினிமா அப்படித்தான் காட்டுகிறது. மருத்துவம் படித்தவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் பழகினார்கள். சட்டென்று வெட்டினால் தேர்ந்த கை, நின்று நிதானித்தால் ஏதோ கவனக்குறைவு என்ற எண்ணம் பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களிடமும் இருக்கிறது. நலமாகப் பிறக்கும் குழந்தையைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை முழுத் தவறு. குழந்தைக்குச் சேர வேண்டிய ரத்தத்தையே அது பறிக்கிறது.

அந்த ரத்தம் யாருடையது என்பதை முதலில் பேசிவிடுவோம். நஞ்சுக்கொடியில் ஓடுவது தாயின் ரத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் நுண்கிளைகளை வெளிப்புறத்திலிருந்து நனைத்துச் செல்கிறது. அந்தக் கிளைகளுக்கு உள்ளேயும் தொப்புள்கொடியிலும் ஓடுவது குழந்தையின் ரத்தம். அதைத் தள்ளி அனுப்புவது குழந்தையின் இதயம். நிறைமாதக் குழந்தை வெளியே வரும் நொடியில், அதன் ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடிப் பக்கம் இருக்கிறது. கொடியை விட்டுவைத்தால் முதல் நிமிடத்தில் சுமார் 80 மி.லி., மூன்று நிமிடத்துக்குள் சுமார் 100 மி.லி. குழந்தைக்கு வந்து சேர்ந்துவிடும். 3 கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான். ரத்ததான முகாமில் நம்மிடம் 350 மி.லி. எடுப்பதற்கு எடை பார்க்கிறார்கள், ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். உடனடி வெட்டினால் குழந்தைக்கு ஏற்படும் இழப்பை 60 கிலோ ஆளின் கணக்கில் சொன்னால், ஒரே நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் எடுப்பதற்குச் சமம். குழந்தை விஷயத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அளவு மட்டுமே பிரச்சினை என்றால் பிறகு இரும்புச்சத்து டானிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று வாதிடலாம். இதயத்துக்கு நேர்வதை எந்த டானிக்காலும் சரிக்கட்ட முடியாது. கருப்பைக்குள் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் மிகக் குறைவு. கணிசமான பங்கு நஞ்சுக்கொடிக்குப் போய், ஆக்சிஜனோடு திரும்பி, இதயத்தின் இடப்பக்கத்தை நிரப்பும். மூச்சு தொடங்கியதும் நுரையீரல் விரிந்து, அதன் ரத்தக் குழாய்கள் திறந்து, அந்தப் பொறுப்பை ஏற்கும். இந்தக் கைமாற்றம் நடப்பதற்கு முன்பே கொடியைக் கவ்வி அடைக்கும் கிளாம்ப்பைப் போட்டால், நஞ்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த ரத்தம் நின்றுபோகும். நுரையீரலிலிருந்து வர வேண்டியது இன்னும் வந்திருக்காது. இதயம் சரியாக நிரம்பாமலே துடிக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆட்டுக்குட்டிகளில் இதை நேரடியாக அளந்து 2013இல் வெளியிட்டார்கள். மூச்சுக்கு முன் கொடி கட்டப்பட்ட குட்டிகளின் இதயத்துடிப்பு சரிந்தது. மூச்சு தொடங்கிய பிறகு கட்டப்பட்டவற்றில் அது நிலையாக நின்றது.

இது இன்றைய கண்டுபிடிப்பும் கிடையாது. குழந்தை பலமுறை மூச்சு விட்டு, கொடியின் துடிப்பு அடங்கும்வரை கட்டக் கூடாது என்று சார்லஸ் டார்வினின் தாத்தாவும் மருத்துவருமான எராஸ்மஸ் டார்வின் 1801லேயே எழுதினார். நம் ஊர் மருத்துவச்சிகளிலும் பலர் நஞ்சு விழுந்த பிறகே கொடியை அறுத்தார்கள். அவர்கள் கையில் இருந்த சுத்தமில்லாத கத்தி எத்தனையோ சிசுக்களை வில்வாதத்துக்குப் பலி கொடுத்தது என்பதையும் மறைக்க வேண்டாம். கத்தியை மாற்றிய நாம், அவர்களுடைய பொறுமையையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம்.

அவசரம் எங்கிருந்து வந்தது? பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு தாய்மாரைக் கொல்லும் பெரும் எமன். அதைத் தடுக்க இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்று செயல்களை ஒரே கட்டாகச் செய்யத் தொடங்கினார்கள்: கருப்பையைச் சுருங்கவைக்கும் ஊசி, உடனடிக் கிளாம்ப், கொடியை மெல்ல இழுத்து நஞ்சை எடுத்தல். ரத்தப்போக்கு குறைந்தது. ஆனால் குறைத்தது ஊசி. கிளாம்ப் அந்தப் புகழில் ஓசிச் சவாரி செய்தது. இதை உணர்ந்துதான் உலக மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பும் உலக மருத்துவச்சிகள் கூட்டமைப்பும் 2003இல் வெளியிட்ட கூட்டறிக்கையில் உடனடிக் கிளாம்ப்பை அந்தக் கட்டிலிருந்து கழற்றிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன் கட்டாதீர்கள் என்கிறது, தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும் இதே அறிவுரைதான். கருப்பையைச் சுருங்கவைக்கும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசியைக் குழந்தை பிறந்த முதல் நிமிடத்தில் போட, கொடி வெட்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. கொடியைத் தாமதமாகக் கட்டியதால் தாய்க்கு ரத்தப்போக்கு கூடியதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் 'தாய்க்கு ஆபத்து' என்று பயமுறுத்துவதை ஏற்க முடியாது.

தாயின் வயிற்றின்மேல் குழந்தையைப் போட்டால் ரத்தம் திரும்ப இறங்கிவிடும் என்ற பயத்துக்கும் பதில் உண்டு. அர்ஜென்டினாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, வயிற்றின்மேல் வைத்தாலும் கீழே பிடித்தாலும் குழந்தைக்குச் சேரும் ரத்தத்தில் கணிசமான வித்தியாசம் இல்லை என்று காட்டியது.

மஞ்சள் காமாலை பற்றிய கவலையில் உண்மை இருக்கிறது. தாமதமாகக் கட்டப்பட்ட குழந்தைகளில் லைட்டில் வைக்க வேண்டிய தேவை நூற்றில் ஓரிருவருக்குக் கூடுதலாக ஏற்படலாம். லைட் சிகிச்சை உள்ள இடத்தில் அது சமாளிக்கக்கூடியது. வீட்டுக்கு அனுப்பிய பிறகும் குழந்தையை வரவழைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்னச் சிரமத்துக்கு எதிர்த்தட்டில் இருப்பதைப் பாருங்கள். ஸ்வீடனில் 400 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், 10 நொடிக்குள் கட்டப்பட்டவர்களில் 5.7 சதவீதத்தினருக்கு நான்கு மாதத்தில் இரும்புச்சத்துக் குறைபாடு இருந்தது. மூன்று நிமிடம் காத்திருந்தவர்களில் 0.6 சதவீதம். ஏழ்மை மிகுந்த நேபாளத்தில் எட்டாம் மாதத்தில் ரத்தசோகை 82இலிருந்து 73 சதவீதமாகக் குறைந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கோ இது உயிர்ப் பிரச்சினை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2023இல் வெளியான கணக்கில், உடனே கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் இறந்த இடத்தில், காத்திருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். அந்த இரண்டு பேரும் ஒரு கிளாம்ப்பின் அவசரத்துக்குப் போன உயிர்கள்.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய சாதனை. அதே மாநிலத்தில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் அது 50.7. இதற்குக் காரணங்கள் பல. கொடியைத் தாமதமாகக் கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் குழந்தைகள் ரத்தமின்றி வாடும் ஊரில், செலவே இல்லாமல் கிடைக்கும் ரத்தத்தை நஞ்சுக்கொடியோடு குப்பைக்கு அனுப்ப நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதே 2019-21 கணக்கெடுப்பில் இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவை மேசையில் காத்திருக்க முடியாது என்பார்கள். குழந்தையைத் துடைத்து, கதகதப்பான துணியில் சுற்றி, தாயின் தொடைமேல் ஒரு நிமிடம் வைத்திருப்பது எத்தனையோ மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கிறது.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தம் கொட்டும்போது, கொடி அறுந்துவிட்டால், தாயின் உயிர் ஊசலாடும்போது உடனே கட்டத்தான் வேண்டும். மூச்சு விடாத குழந்தைக்குக் காற்றூட்டுவதுதான் முதல் வேலை. தாயின் அருகிலேயே அதைச் செய்ய வசதி இல்லாவிட்டால் வெட்டிவிட வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று மிகக் குறைமாதக் குழந்தைக்குக் கொடியைப் பிழிந்து விடுவதும் ஆபத்து. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதனால் மூளையில் ரத்தக்கசிவு கூடியதால், 2019இல் வெளியான ஓர் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இவை விதிவிலக்குகள். விதிவிலக்கைக் காட்டி எல்லாக் குழந்தைகளுக்கும் கத்தரி போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

எனக்கு மிகுந்த கோபம் வருவது தொப்புள்கொடி ரத்த வங்கிகளின் விளம்பரங்களைப் பார்க்கும்போதுதான். பை நிறைய வேண்டுமென்றால் கொடியைச் சீக்கிரம் கட்ட வேண்டும்; காத்திருந்தால் சேகரிக்க மிஞ்சுவது குறைவு. குழந்தையின் எதிர்காலத்துக்குக் காப்பீடு என்று சொல்லி, குழந்தைக்கு இன்றைக்குத் தேவையானதை எடுத்து, ஆயிரக்கணக்கில் பணமும் வாங்கி உறைய வைக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதைப் பரிந்துரைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே கூறியிருக்கிறது. கர்ப்பிணியிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தில், கொடியைத் தாமதமாகக் கட்டினால் கிடைக்கும் நன்மையையும் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும்.

ஜாதகத்துக்காகப் பிறந்த நேரத்தை நொடி சுத்தமாகக் குறித்து வாங்கும் குடும்பங்கள் நாம். அதே கடிகாரத்தைப் பார்த்துக் கொடி கட்டிய நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன் கட்டியிருந்தால் காரணத்தையும் எழுத வேண்டும். இந்திய அரசின் பிரசவப் பயிற்சியே ஒன்று முதல் மூன்று நிமிடம் என்றுதான் கற்பிக்கிறது. எழுதச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இருக்கக் காரணம் இல்லை. எட்டாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போதே டாக்டரிடம் இதைக் கேட்டு, கார்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். வலி எடுத்த பிறகு கேட்க நேரம் இருக்காது.