சாலை திறந்தது, நடைபாதை திறக்கவில்லை: டொராண்டோவின் பனிக்காலக் கணக்கு

2025 பிப்ரவரி 8ஆம் தேதிக்கும் 16ஆம் தேதிக்கும் இடையே மூன்று பனிப்புயல்கள் கனடாவின் டொராண்டோ நகரை அடுத்தடுத்துத் தாக்கின. 50 சென்டிமீட்டருக்கு மேல் பனி கொட்டியது. விரைவுச்சாலைகளும் பெரிய சாலைகளும் முதலில் திறந்துவிடப்பட்டன. நடைபாதைகளோ பல இடங்களில் நாள் கணக்கில் பனிமேடாகவே கிடந்தன. தெருவோரம் குவிந்த பனியை லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்த மூன்று வாரம் வரை ஆகலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருப்போருக்கும், ஸ்கார்பரோ பக்கம் உறவினர் உள்ளோருக்கும் அந்த வாரங்களில் வந்த படங்கள் நினைவிருக்கும். இடுப்பளவு பனிக்குவியல், அதைத் தாண்டிப் பேருந்தில் ஏற முயலும் பயணிகள், ஒரு பக்கம் மட்டும் வழியுள்ள தெருக்கள். குளிர் நாட்டில் பனி விழுவதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் வரும் ஒன்றுக்கு ஒரு பெருநகரம் ஏன் தடுமாறுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பனியை ஒதுக்குவது வேறு, அகற்றுவது வேறு. லாரியின் முன்பக்கம் பெரிய இரும்புத் தகடு பொருத்தி, பனியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளுவது ஒதுக்குதல். அந்த ஓரத்துப் பனியை இயந்திரத்தால் அள்ளி, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள கிடங்கில் கொட்டுவது அகற்றுதல். முதலாவது விரைவானது, மலிவானது. இரண்டாவதற்கு நேரமும் பணமும் பல மடங்கு தேவை.

டொராண்டோ வழக்கமாக ஒதுக்குவதோடு நின்றுவிடும். விரைவுச்சாலையில் 2.5 சென்டிமீட்டர் பனி சேர்ந்தால் வாகனம் புறப்படும். பெரிய சாலைக்கு 5 சென்டிமீட்டர், குடியிருப்புத் தெருவுக்கு 8 சென்டிமீட்டர். அதன் பிறகு உப்பு தூவுவார்கள், சில நாளில் வெப்பநிலை சற்று ஏறும், ஓரத்துப் பனி தானாகக் கரையும். இந்தக் கணக்கு பெரும்பாலான ஆண்டுகளில் சரியாகவே வருகிறது. 2025 பிப்ரவரியில் குளிர் தணியவில்லை. முதல் புயலின் பனி கரைவதற்குள் அடுத்தது வந்தது. மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். தள்ளிய பனிக்கு மேல் மேலும் பனியைத் தள்ள இடமில்லாமல் போயிற்று.

அப்போது எது பலியாகும்? நடைபாதைதான். சாலையில் போகும் வாகனம் பனியை ஓரத்துக்குத் தள்ளும்போது, அது போய் விழுவது நடைபாதையிலும், சாலை கடக்கும் இடத்திலும், பேருந்து நிறுத்தத்திலும். காலையில் நடைபாதையைச் சுத்தம் செய்திருந்தாலும் மாலையில் சாலை வாகனம் வந்தால் பழைய கதைதான். சக்கர நாற்காலியில் செல்பவருக்கோ, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய்க்கோ, ஊன்றுகோல் பிடித்த முதியவருக்கோ, சாலை சந்திப்பில் உள்ள ஒரே ஒரு பனிமேடு போதும், தெரு முழுக்கச் சுத்தமாக இருந்தாலும் பயனில்லாமல் ஆக்க.

மேயர் ஒலிவியா சௌ இதை மூடி மறைக்கவில்லை. நடைபாதைகள் பற்றி அதிகாரிகள் தமக்குக் கொடுத்த தகவலும் மக்கள் தெருவில் கண்டதும் ஒத்துப்போகவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, பனி அகற்றும் பணியை மறுஆய்வு செய்யக் கோரினார். ஒரு நகரத்தின் தலைவர் தம் நிர்வாகத்தின் புள்ளிவிவரத்தையே நம்ப முடியவில்லை என்று சொல்லும் நிலை சாதாரணமானதன்று.

ஏனெனில் இந்தச் சிக்கல் புதிதல்ல. டொராண்டோவில் பனிப் பணியின் பெரும்பகுதியைச் செய்வோர் தனியார் குத்தகையாளர்கள். நகரின் தலைமைத் தணிக்கையாளர் 2020இல் வெளியிட்ட அறிக்கை, வாகனங்களில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவிகளின் தரவு சரிவரப் பயன்படுத்தப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது. வேலை நேரத்தில் வாகனங்கள் நீண்ட நேரம் ஒரே இடத்தில் நின்றிருந்ததை அந்தத் தரவே காட்டியது, ஆனால் கேள்வி கேட்க யாரும் அதைப் பார்க்கவில்லை. பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தயார் நிலையில் இருப்பதற்கென்று குத்தகையாளருக்கு நாள்தோறும் பணம் போனது.

அதைத் திருத்தத்தான் 2022இல் புதிய ஒப்பந்தங்கள் வந்தன. நகரத்தை 11 பகுதிகளாகப் பிரித்து, பத்து ஆண்டு வரை நீடிக்கக்கூடிய, ஏறக்குறைய 1.5 பில்லியன் கனடிய டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்கள். செய்த வேலைக்கு ஏற்பப் பணம், செய்யாததற்கு அபராதம் என்பது எண்ணம். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. எனினும் கண்காணிப்பவர் தெருவில் இறங்காமல் திரையில் ஓடும் புள்ளியை மட்டும் பார்த்தால், வாகனம் அந்தத் தெரு வழியாகப் போனது தெரியும். தகடு தரையைத் தொட்டதா, நடைபாதை நடக்கும்படி ஆனதா என்பது தெரியாது. 2025இல் மேயருக்குக் கிடைத்த தகவலுக்கும் தரையில் இருந்ததற்கும் உள்ள இடைவெளியை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டியுள்ளது.

சட்டம் யார் பக்கம் இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒன்டாரியோ மாநில விதிகளின்படி, பனிப்பொழிவு நின்ற 48 மணி நேரத்துக்குள் நடைபாதையில் பனி 8 சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல் குறைக்கப்பட வேண்டும். ஆனால் ‘குறிப்பிடத்தக்க வானிலை நிகழ்வு’ என்று நகரம் அறிவித்துவிட்டால் அந்தக் கெடு தற்காலிகமாக நிற்கும். பனியிலோ உறைபனியிலோ நடைபாதையில் வழுக்கி விழுந்தவர் நகரத்திடம் இழப்பீடு கேட்க வேண்டுமானால், சாதாரணக் கவனக்குறைவைக் காட்டினால் போதாது. மோசமான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். அதோடு, விழுந்த 10 நாள்களுக்குள் எழுத்து வழி அறிவிப்பும் கொடுக்க வேண்டும். எலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருப்பவர் எத்தனை பேருக்கு இந்தப் பத்து நாள் விதி தெரியும்? அங்குள்ள சொந்தங்களிடம் இதை ஒரு முறை சொல்லி வைப்பது நல்லது.

இந்த விஷயத்தில் கனடா உச்ச நீதிமன்றம் 2021இல் அளித்த ஒரு தீர்ப்பு முக்கியமானது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் நெல்சன் என்ற சிறு நகரம் 2015 ஜனவரியில் கடைத்தெருவின் வாகன நிறுத்தங்களைச் சுத்தம் செய்து, பனியை நடைபாதை ஓரம் நீளமான மதிலாகக் குவித்தது. நடுவே வழி விடவில்லை. காரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போக அந்த மதிலைத் தாண்ட முயன்ற ஒரு பெண்ணின் கால் பனிக்குள் புதைந்து, கடுமையாகக் காயமடைந்தது. பனி அகற்றுவது கொள்கை முடிவு, அதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று நகரம் வாதிட்டது. நீதிபதிகள் ஒருமனதாக மறுத்தனர். எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பது கொள்கையாக இருக்கலாம். குவியலுக்கு நடுவே வழி விடுவதா இல்லையா என்பது அன்றாட வேலை, அதில் நகரத்துக்குக் கவனம் காட்டும் கடமை உண்டு என்றனர். வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்டது.

ஸ்கார்பரோவுக்கு வருவோம். கனடாவில் தமிழர்கள் செறிந்து வாழும் இடங்களில் இது முதன்மையானது. (பனி என்ற நம் சொல் மூடுபனிக்கும் பொதுவாக இருப்பதாலோ என்னவோ, அங்குள்ள தமிழர் பேச்சில் இது பெரும்பாலும் ‘ஸ்னோ’தான். முன்பனி, பின்பனி என்று ஆண்டைப் பிரித்த மொழிக்கு, மண்வெட்டியால் அள்ள வேண்டிய பனிக்குத் தனிச் சொல் தேவைப்பட்டதில்லை.) 1998இல் ஆறு நகராட்சிகள் ஒன்றிணைக்கப்பட்டு இன்றைய டொராண்டோ உருவானது. அதற்கு முன் ஸ்கார்பரோ தனி நகராட்சி. இணைந்த பிறகும் பழைய பழக்கங்கள் தொடர்ந்தன. ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ பகுதிகளில், வாகனம் போன பின் வீட்டு வாசலின் குறுக்கே விழும் பனி வரப்பை நகரமே அள்ளித் தரும். குறுகிய தெருக்கள் நிறைந்த பழைய நகர மையத்திலோ நடைபாதையைக்கூட வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2021க்குப் பிறகுதான் நகரம் முழுக்க நடைபாதைப் பணி விரிவானது.

அப்படியானால் புறநகர் மக்கள் கொடுத்துவைத்தவர்களா? கார் உள்ளவர்களுக்கு ஆம் என்று சொல்லலாம். ஸ்கார்பரோவின் வட்டாரத்துக்குள் ஓடிய ரயில் 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது. அதன் பிறகு அந்தச் சேவை மீண்டும் தொடங்கவே இல்லை. அதன் இடத்தைப் பேருந்துகள் எடுத்துக்கொண்டன. கிடங்கிலும் உணவகத்திலும் முதியோர் இல்லத்திலும் விடியற்காலைப் பணிக்குச் செல்வோருக்குப் பேருந்து நிறுத்தம்தான் வாழ்க்கையின் முதல் படி. 2022 ஜனவரி 17 புயலின்போது டொராண்டோவில் நூற்றுக்கணக்கான பேருந்துகள் பனியில் சிக்கி நின்றன. வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்தவர்களுக்கு அது விடுமுறை போன்ற நாள். மற்றவர்களுக்கு ஒரு நாள் சம்பளம்.

வேறு வழி உண்டா என்றால், ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது. மாண்ட்ரியலில் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் பனி விழும். அங்கே பனி கரையும் என்று காத்திருப்பதில்லை. 10 முதல் 15 சென்டிமீட்டர் சேர்ந்தால் அள்ளி ஏற்றும் பணி தொடங்கிவிடும். சாலைகளும் நடைபாதைகளும் சேர்த்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். தெருவில் ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகை வைப்பார்கள், கைப்பேசிச் செயலியில் செய்தி வரும், கடைசியாக இழுவை வண்டி சைரன் ஒலித்துக்கொண்டு தெருவில் வரும். அதன் பின்னும் எடுக்கப்படாத கார், பனி அகற்றப்பட்ட வேறொரு தெருவுக்கு இழுத்துச் செல்லப்படும், அபராதமும் உண்டு. அள்ளிய பனியின் ஒரு பெரும்பகுதி ஃபிராங்கோன் என்ற பழைய கல்குவாரியில் கொட்டப்படுகிறது. கோடையிலும் அங்கே கறுத்த பனிமலை கரையாமல் நிற்கும்.

மாண்ட்ரியலைச் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் பனி ஒப்பந்தங்களில் குத்தகையாளர்கள் தமக்குள் பேசி வைத்து விலை நிர்ணயித்ததை நகரின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் சில ஆண்டுகளுக்கு முன் அம்பலப்படுத்தியது. 2025 பிப்ரவரியில் நான்கு நாள்களில் 70 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்தபோது அந்த நகரமும் திணறியது. ஆனால் பனியை அள்ளும் இடம், லாரி, ஆள், கார்களை எடுக்கச் சொல்லும் முறை எல்லாம் ஏற்கெனவே கைவசம் இருந்தன. டொராண்டோ இவற்றைப் புயலுக்குப் பிறகு திரட்ட வேண்டியிருந்தது.

சுவீடனின் சில நகரங்கள் வரிசையையே மாற்றிப் பார்த்தன. பனி நாளில் வழுக்கி விழுந்து மருத்துவமனைக்கு வருவோரில் நடந்து செல்வோரே அதிகம், அவர்களில் பெண்கள் மிகுதி என்ற கணக்கின் அடிப்படையில், நடைபாதையையும் பேருந்துத் தடத்தையும் முதலில் சுத்தம் செய்யும் முறை வந்தது. 2016 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் அந்த மாதத்துக்கு வழக்கமில்லாத பெரும்பனி விழுந்து நகரம் முடங்கியபோது பழி முழுவதும் இந்தத் திட்டத்தின் தலையில் விழுந்தது. உண்மையில் அன்று நடைபாதைகளும் சுத்தமாகவில்லை. திட்டம் தோற்றது என்பதைவிட, திட்டப்படி நடக்கவே இல்லை என்பதே பொருத்தம்.

பனி, அரசியல்வாதிகளின் பதவியைப் பறித்த கதைகளும் உண்டு. 1979 ஜனவரியில் சிகாகோ புயலை மேயர் மைக்கேல் பிலாண்டிக் கையாண்ட விதத்தால், அடுத்த மாதமே கட்சி உள்தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார். பலரும் சாலை சுத்தமாகாததை மட்டுமே நினைவுகூர்கிறார்கள். புறநகர்ப் பயணிகளை வேகமாகக் கொண்டுசேர்க்க, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் ரயில்கள் நிற்காமல் போனதும் அந்தக் கோபத்தில் அடங்கும். 1969இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி நாள் கணக்கில் கைவிடப்பட்டபோதும் மக்கள் கேட்டது அதையேதான்: எங்கள் தெரு ஏன் கடைசி? 1999 ஜனவரியில் ராணுவத்தை அழைத்த டொராண்டோ மேயர் மெல் லாஸ்ட்மேனை மற்ற கனடியர்கள் இன்றுவரை கேலி செய்கிறார்கள். பனியில் தவித்தவர்கள் கேலி செய்வதில்லை.

டொராண்டோவின் அடுத்த மாநகரத் தேர்தல் 2026 அக்டோபர் 26 அன்று. நடப்பில் உள்ள குத்தகைகளை முறித்தால் செலவு, வைத்துக்கொண்டால் பழைய குறை. கூடுதல் இயந்திரம் வாங்கினால் பனி குறைந்த ஆண்டில் அது சும்மா நிற்கும், சொத்து வரி ஏறும். எந்த வேட்பாளரும் இதற்கு எளிய விடை சொன்னால் சந்தேகிக்கலாம். ஸ்கார்பரோவுக்கு வர வேண்டிய சுரங்க ரயில் நீட்டிப்பு இந்தப் பத்தாண்டின் இறுதிக்கு முன் திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. அதுவரை வரும் குளிர்காலங்களில் அங்குள்ள தமிழர்கள் காத்திருக்கப்போவது பேருந்து நிறுத்தத்தில்தான், பனிமேட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.