சுதந்திரம் யார் கொடுத்த பிச்சை?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், வெள்ளைக்காரர்கள் கோல்ட் கோஸ்ட் என்று பெயர் வைத்து ஆண்டுவந்த நாடானது 1957ம் வருஷம் மார்ச்சு மாதம் 6ந் தேதி கானா என்ற பெயரோடு சுதந்திர நாடாயிற்று. அந்தச் சுதந்திரம் எப்படி வந்தது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. வெள்ளைக்காரன் அந்த ஜனங்களைப் பக்குவப்படுத்தி, பிறகு மனமிரங்கித் தானாகவே கொடுத்துவிட்டுப் போனான் என்கிறது ஒரு கூட்டம். நிக்ருமா என்கின்ற அவதார புருஷர் தோன்றி வாங்கிக் கொடுத்தார் என்கிறது மற்றொரு கூட்டம். "எல்லாம் காலம் ஐயா, விடிகிற வேளை வந்தது, விடிந்தது" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடுகிறது மூன்றாவது கூட்டம். இம்மூன்றும் புரட்டு என்பதையும், இந்தப் புரட்டை நம்பியதற்காக அந்நாட்டு ஜனங்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையுமே இங்கு சொல்லப் போகிறோம்.

முதலில் வெள்ளைக்காரனுடைய மன இரக்கத்தைப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ராஜ்யத்துக்காக அந்த நாட்டிலிருந்து 60,000 பேருக்குமேல் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பலர் பர்மாக் காடுகளில் ஜப்பானியரோடு சண்டையிட்டார்கள். ஊர் திரும்பினால் வேலையில்லை, பென்ஷன் சரியாயில்லை, கடைக்குப் போனால் துணி விலை, சாமான் விலை யானை விலை, குதிரை விலை. வியாபாரமெல்லாம் ஒரு சில ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தது.

அக்ராவில் குவாபெனா பொன்னே என்பவர் ஒரு காரியம் செய்தார். கம்பெனிச் சாமான்களை யாரும் வாங்கவேண்டாம் என்று 1948ம் வருஷம் ஜனவரி 26ந் தேதி பகிஷ்காரம் ஆரம்பித்தார். யாகம் செய்யவில்லை, யாரையும் காலில் விழுந்து கெஞ்சவில்லை, வாங்குவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஒரே மாதத்தில், நூற்றுக்கு 75 வைத்து விற்ற லாபத்தை 50 ஆகக் குறைக்கிறோம் என்று கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. இது மனமிரங்கியதா, மடி கனம் குறைந்ததா? வாசகர்களே சொல்லட்டும்.

பகிஷ்காரம் முடிந்த பிப்ரவரி 28ந் தேதியே, பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் குறையை எழுதி எடுத்துக்கொண்டு கவர்னரின் கோட்டையை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். கையில் ஆயுதமில்லை, மனுத்தான் இருந்தது. போலீசார் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். ஜப்பானியர் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள், யாருக்காகச் சண்டை போட்டார்களோ அவர்களுடைய குண்டுக்கு இரையானார்கள்! அதைத் தொடர்ந்த கலகத்தில் மாண்டவர்கள் 29 பேர். இதற்குப் பிறகுதான் விசாரணைக் கமிஷன் வந்தது. அதற்குப் பிறகுதான் மேற்கொண்டு அரசியல் சீர்திருத்தம் செய்யும் பேச்சு வந்தது. பிணம் விழுந்த பிறகு வருகிற இரக்கத்துக்கு இரக்கம் என்றா பெயர்?

நிற்க, அவதார புருஷர் விஷயத்துக்கு வருவோம். தோழர் நிக்ருமா கெட்டிக்காரர், உழைப்பாளி, தைரியசாலி. இதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் அவர் வானத்திலிருந்து குதித்தவரல்ல. வக்கீல்களும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்துக்குக் காரியதரிசியாக வேண்டுமென்று லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்டவர். அந்தக் கனவான்கள் சுயஆட்சி மெள்ள வரட்டும் என்றார்கள். அவர் இப்போதே வேண்டும் என்றார். 1949ம் வருஷம் ஜூன் மாதம் பிரிந்து தனிக் கட்சி கண்டார். அதில் சேர்ந்தவர்கள் யார்? சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண்கள், கூலிக்காரர்கள், அரைகுறையாகப் படித்து வேலையில்லாமல் பிறர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்த வாலிபர்கள். "திண்ணைப் பையன்கள்" என்றே பெரிய மனிதர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். 1950ல் வேலைநிறுத்தம் செய்ததற்காக நிக்ருமாவைச் சர்க்கார் ஜெயிலில் போட்டது. 1951 பிப்ரவரியில் எலெக்ஷன் நடந்தது. ஜெயிலில் இருந்தபடியே அவர் அக்ராவில் ஜெயித்தார். ஓட்டுப்போட்டு நிரப்பவேண்டிய 38 ஸ்தானங்களில் 34 அவர் கட்சிக்குக் கிடைத்தது. கவர்னர் ஜெயில் கதவைத் திறந்துவிட்டு, அதே கைதியை மந்திரிசபை அமைக்கக் கூப்பிட்டார். அந்தக் கதவைத் திறந்தது மந்திரமா? திண்ணைப் பையன்களும் கூடைக்காரிகளும் போட்ட ஓட்டல்லவா?

ஆனால், பிறகு நடந்ததைக் கேளுங்கள். சுதந்திரம் வந்தவுடன், தாங்களே பெற்றதை அவர் கொடுத்ததாக எண்ணும்படி ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. நாணயத்தில் அவர் தலை. பார்லிமெண்டுக்கு முன் அவர் சிலை. பெயருக்கு முன்னால் "ஒசாஜிஃபோ" என்ற ரக்ஷகர் பட்டம். 1958ல் விசாரணையே இல்லாமல் ஐந்து வருஷம் வரை ஜெயிலில் அடைக்கச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் ஜெயிலை அவரோடு பகிர்ந்துகொண்ட தோழர் டன்குவா, அந்தச் சட்டத்தாலேயே அடைபட்டு 1965ல் சுதந்திர நாட்டு ஜெயிலில் செத்தார். 1964ல் ஒரே கட்சிதான் இருக்கலாம் என்றாயிற்று. அவர் கட்டிய பள்ளிக்கூடங்களையும் வோல்டா அணையையும் நாம் மறைக்கவில்லை. அணை கட்டினவர் என்பதற்காக மனிதனை அடைத்து வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

கேட்பாரற்றவரை இறக்க ஓட்டு இல்லாமற்போகவே, 1966 பிப்ரவரி 24ந் தேதி பட்டாளம் இறக்கியது. சிலையும் விழுந்தது. பிறகு பட்டாளமே எஜமானாயிற்று. 1972, 1979, 1981 என்று மேலும் மேலும் பட்டாளப் புரட்சிகள். 1992ல் புதிய அரசியல் சட்டம் வந்த பிறகுதான் ஜனங்கள் தங்கள் உடைமையை மீட்டார்கள். 2000, 2008, 2016, 2024 ஆகிய நான்கு எலெக்ஷன்களில் ஆளுங்கட்சியைச் சீட்டு ஒன்றினாலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே துப்பாக்கியும் இல்லை, அவதாரமும் இல்லை.

ஆகவே தோழர்களே, சுதந்திரம் ராஜா போட்ட பிச்சை என்றாலும், தலைவர் தந்த வரம் என்றாலும், வேளை வந்து விடிந்தது என்றாலும் பலன் ஒன்றேதான். பெற்றவன் தன் கையை மறந்துவிடுகிறான். கொடுத்தவன் என்று ஒருவனை ஒப்புக்கொண்டால், அவன் திருப்பி எடுத்துக்கொள்ளும்போது ஏன் என்று கேட்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?