ஸ்கிரீன் ரீடரின் எதிர்காலம் நாம் டைப் செய்யும் பைலில் இருக்கிறது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மானிட்டரின் அளவைத் தான். எத்தனை இஞ்ச், படம் எவ்வளவு தெளிவு என்றெல்லாம் கடையிலேயே பார்த்து வாங்குகிறோம். ஆனால் மானிட்டரே தேவைப்படாமல் கம்ப்யூட்டரை இயக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பார்வையற்றவர்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். திரையில் உள்ளதை இவர்களுக்குப் படித்துக் காட்டும் சாப்ட்வேருக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர்.

இது எங்கோ இருக்கும் பொருள் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருந்தால், விண்டோஸ் கீயையும் கண்ட்ரோல் கீயையும் அழுத்திக் கொண்டு எண்டர் தட்டுங்கள். நரேட்டர் என்ற புரோகிராம் பேசத் தொடங்கும். மீண்டும் அதே கீகளைத் தட்டினால் நின்றுவிடும். மானிட்டரை ஆப் செய்துவிட்டு, மவுஸைத் தொடாமல், உங்களுக்கு வந்த ஒரு மெயிலைத் திறந்து கேட்டுப் பாருங்கள். டேப் கீயும் அம்புக்குறி கீகளும் தான் இனி உங்கள் கண்கள். இந்த ஐந்து நிமிடப் பயிற்சிக்குப் பிறகு கட்டுரையைத் தொடர்ந்தால் நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1986ல் ஐபிஎம் நிறுவனம் டாஸ் கம்ப்யூட்டர்களுக்கான ஸ்கிரீன் ரீடரைக் கொண்டு வந்தது. 1989ல் ஜாஸ் வந்தது. இதை உருவாக்கிய டெட் ஹெண்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். கார் விபத்தில் பார்வையை இழந்தவர். ஜாஸ் சிறந்த சாப்ட்வேர். ஆனால் விலை பல பத்தாயிரம் ரூபாய். கம்ப்யூட்டரை விட அதைப் படித்துக் காட்டும் சாப்ட்வேர் விலை அதிகம் என்றால் நம் ஊரில் யார் வாங்குவார்கள்?

இந்தத் தடையை 2006ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் உடைத்தார். அவர் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் முற்றிலும் இலவசம். பிறகு ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். இன்று எவரும் இதை டவுன்லோடு செய்து, பென் டிரைவில் கூடப் போட்டு எடுத்துச் செல்லலாம்.

அடுத்த தடை தமிழ்க் குரல். 2001ல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் எழுத்தைப் பேச்சாக மாற்றும் தங்கள் சாப்ட்வேர் பற்றிச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் திருக்குறள். சென்னை ஐஐடியிலும் இந்த ஆய்வு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழைப் படிக்கும். சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும் வேகமாகக் கேட்டுப் பழகியவர்கள் அதையே விரும்புகிறார்கள். மைக்ரோசாப்ட் தரும் தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர். விண்டோஸ் செட்டிங்ஸில், பேச்சுக்கான பகுதியில் இதைச் சேர்த்துக் கொள்ளலாம்.

ஆக, விலை பிரச்னை தீர்ந்தது. குரல் பிரச்னை பெருமளவு தீர்ந்தது. அப்படியானால் மீதி என்ன? மீதி இருப்பது நாம் தான் என்பது என் கருத்து.

ஸ்கிரீன் ரீடர் உங்களையும் என்னையும் போல் திரையைப் பார்ப்பதில்லை. அது விண்டோஸிடமும், திறந்திருக்கும் புரோகிராமிடமும் கேட்கிறது. இங்கே என்ன எழுத்து இருக்கிறது, இந்தப் பட்டனுக்கு என்ன பெயர் என்று கேட்டு, கிடைத்த பதிலைப் பேசுகிறது. பதில் சரியாக இருந்தால் பேச்சும் சரியாக இருக்கும். பட்டனுக்குப் பெயர் கொடுக்காமல் படத்தை மட்டும் ஒட்டி வைத்திருந்தால், "பட்டன், பட்டன், பட்டன்" என்று தான் அதனால் சொல்ல முடியும். எது பணம் அனுப்பும் பட்டன், எது ரத்து செய்யும் பட்டன் என்று கேட்பவர் எப்படி அறிவார்?

தமிழில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பைல் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் "அம்மா" என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத் தான். ஸ்கிரீன் ரீடர் அதைத் தான் படிக்கும். அம்மா காணாமல் போய்விடுவார். யூனிகோடில் டைப் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் யூனிகோடில் 1991லேயே இடம் பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010ல் யூனிகோடை ஏற்று ஆணை வெளியிட்டது. ஆனாலும் பல டிடிபி சென்டர்களில் இன்றும் பழைய எழுத்துருக்களே ஓடிக் கொண்டிருக்கின்றன.

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள குரங்கணியை எடுத்துக் கொள்வோம். அங்கே பார்வையற்ற மாணவர் ஒருவர் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். போடியில் கல்லூரிப் படிப்பு. வீட்டில் ஒரு பழைய லேப்டாப், அதில் என்விடிஏ. கம்ப்யூட்டர் தயார், குரல் தயார், அவரும் தயார். வகுப்பில் கொடுத்த பாடக் குறிப்பு பாமினியில் இருக்கிறது. நண்பர் அனுப்பியது நோட்டுப் புத்தகத்தின் போட்டோ. உதவித் தொகை விண்ணப்பம் ஸ்கேன் செய்த பிடிஎப். மூன்றையும் அவரது கம்ப்யூட்டர் படிக்காது. யாராவது வந்து வாசித்துக் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பும் அதே நிலை தானே?

போடியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர் இது. முன்பெல்லாம் ஏலத்தில் விலையை வாய்விட்டுக் கூறுவார்கள். இப்போது நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் கம்ப்யூட்டர் திரையில் விலை ஏறுகிறது. கணக்கு சுத்தமாக இருக்க இது நல்ல ஏற்பாடு தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காதால் நடந்த ஒரு வேலை கண்ணுக்கு மாறிவிட்டது. பேங்க், ரயில் டிக்கெட், மின் கட்டணம் எல்லாம் இப்படித் தான் வாயிலிருந்து திரைக்கு மாறிக் கொண்டிருக்கின்றன. கவுண்டரில் வாய்விட்டுக் கேட்டு வேலையை முடித்த பார்வையற்றவர், திரையின் முன் நிற்கும்போது பேச்சற்றுப் போகிறார். கம்ப்யூட்டர் எல்லாருக்கும் வரம் என்கிறோம். படிக்க முடியாத திரை வரமாகாது.

இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக்ரோசாப்டின் சீயிங் ஏஐ 2017ல் வந்தது. பீ மை ஐஸ் செயலியில் 2023 முதல் போட்டோவைக் காட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரே விவரிக்கிறது. தமிழ்க் குரலுக்கும் இது உதவும். "பாவம்" என்று எழுதினால் அது புண்ணியத்துக்கு எதிரான பாவமா, நடனத்தில் முகம் காட்டும் பாவமா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உச்சரிப்போ வேறு வேறு. வாக்கியத்தைப் புரிந்து கொள்ளும் சாப்ட்வேர் தான் அதைச் சரியாகப் படிக்கும்.

ஆனாலும் போட்டோவைப் பார்த்துச் சொல்வது ஊகம். மங்கலான பில்லில் 3 என்பது 8 ஆகிவிடலாம். கேட்பவருக்கு அதைச் சரி பார்க்க வழி இல்லை. இத்தகைய சேவைகள் பலவற்றுக்கு இண்டர்நெட் வேண்டும். மலைச் சரிவில் சிக்னல் எப்போதும் கிடைக்காது. பேங்க் பாஸ்புக்கையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் யாருடைய சர்வருக்கோ அனுப்பியாக வேண்டும் என்ற சங்கடமும் உண்டு. யூனிகோடில் உள்ள பைலுக்கு இது எதுவும் தேவையில்லை. அதில் 3 எப்போதும் 3 தான்.

சட்டமும் பக்கபலமாக நிற்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொழில்நுட்பத்தை அவர்கள் அணுகும்படி செய்ய வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் வசதி அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து டைப் செய்யாது. அதை நாம் தான் செய்திட வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மாற்றிக் கொள்ள வேண்டிய பழைய பழக்கம் எதுவும் உங்களுக்கு இல்லை. தொடக்கத்திலேயே இந்த நான்கையும் பழகிக் கொள்ளுங்கள்.

1. தமிழை யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள். தமிழ் 99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது.

2. சந்தேகம் வந்தால் எழுத்துகளை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய எழுத்துரு. கன்வெர்ட்டர் கொண்டு மாற்றிவிடலாம்.

3. அழைப்பிதழ், அறிவிப்பு, பாடக் குறிப்பு போன்றவற்றைப் படமாக அனுப்பும்போது, கீழே அதே செய்தியை நான்கு வரியில் டைப் செய்து அனுப்புங்கள்.

4. டிடிபி சென்டரில் வேலை கொடுக்கும்போது, "யூனிகோடில் வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர்கள் கேட்டால் தான் கடைகள் மாறும்.

இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஸ்கிரீன் ரீடரை எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்து இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். நீங்கள் இன்று சேமிக்கும் பைலை நாளை குரங்கணியில் ஒருவர் திறக்கக் கூடும். அவர் காதில் விழப் போவது தமிழா, எம் கே அரைப்புள்ளியா என்பது உங்கள் கீபோர்டில் இருக்கிறது.