நெல்லிக்காயும் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும்

மட்டாஞ்சேரி உழைப்பாளர் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கொச்சி மாநகராட்சி, கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநில சுகாதாரத் துறை, பொதுக் கல்வித் துறை

பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பக்கத்து ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தார் என எங்கள் எல்லோருக்கும் வேலை நேர மூச்சு டீசல் புகையும் மிளகு, சுக்குத் தூசியும்தான். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டபோது, பத்து நாளுக்கு மேல் கொச்சிக்கே அந்தக் கதி வந்தது. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்றார்கள். மூட்டை தூக்குகிறவர் வீட்டில் உட்கார்ந்தால் உலை எப்படிக் கொதிக்கும்? மாநகராட்சிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எங்கள் நெஞ்சுக்கு அதனால் வந்தது ஒன்றுமில்லை.

நுரையீரலின் உள்பரப்பில் ஈரப் படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள வைட்டமின் சி, யூரேட், குளூட்டாதயோன் ஆகியவைதான் மாசுக் காற்றிலுள்ள ஓசோனையும் நுண்துகளையும் முதலில் எதிர்கொண்டு, தாம் தீர்ந்துபோகின்றன. வைட்டமின் சி-யை நம் உடல் தானே செய்துகொள்ளாது, சாப்பிட்டால்தான் உண்டு. மெக்சிகோ நகரத்து ஆஸ்துமா குழந்தைகளுக்கு சி, ஈ வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002இல் வெளியானது. நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்த குழந்தைகளிடம் ஓசோனால் வரும் மூச்சுத்திறன் குறைவு அதனால் மட்டுப்பட்டது. ஆனால் பின்லாந்தில், புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதாக 1994இல் தெரிந்தது. எங்களில் பீடி பிடிப்பவர்கள் ஏராளம். ஆகவே மாத்திரை டப்பாவோடு முகாம் போட வராதீர்கள்.

நாங்கள் கேட்பது:

1. அங்கன்வாடியிலும் பள்ளி மதிய உணவிலும் நெல்லிக்காய் அல்லது கொய்யா. ஆரஞ்சைவிட இவற்றில் வைட்டமின் சி பல மடங்கு. நெல்லி என்றதும் ஔவை, அதியமான் என்று மேடைப்பேச்சு தொடங்கிவிடும். எங்களுக்குக் கிலோ விலைதான் கவலை. வேகவைத்தால் சத்து போகும், பச்சையாகவே கொடுங்கள். முருங்கைக்கீரையும் நிலக்கடலையும் கூடவே சேரட்டும்.

2. மூட்டைத் தொழிலாளருக்கும் தோபிகானாவினருக்கும் ஆண்டுக்கொருமுறை அரசு மருத்துவமனையில் இலவச மூச்சுத்திறன் சோதனை. முடிவை அவரவர் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

3. பஜார் ரோட்டில் காற்றுத்தர அளவுக் கருவி, அன்றாட அளவைக் காட்டும் பலகையோடு. பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டின் ஒருநாள் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இரண்டையும் பலகையில் எழுதுங்கள். 60-ஐத் தாண்டும் நாளில் கூலி வெட்டாமல் ஓய்வு.

4. சரக்கு ஏற்றி இறக்கும்போது லாரி எஞ்சினை அணைக்க உத்தரவு. பிரம்மபுரத்துப் பழைய குப்பையை அகற்ற நாள் குறிக்க வேண்டும். எந்த வார்டிலும் பிளாஸ்டிக் எரிக்கக் கூடாது.

முதல் கோரிக்கையை மட்டும் நிறைவேற்றிவிட்டு மற்றவற்றைக் கிடப்பில் போடுவதை ஏற்கமாட்டோம். புகையின் அளவு குறையாமல் கொய்யா மட்டும் கொடுப்பது, கரிக்காற்றைச் சமாளிக்கும் வேலையைக் குழந்தையின் தலையில் கட்டுவதாகும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரி யார், எந்தத் தேதிக்குள் முடியும் என்று 30 நாட்களுக்குள் மலையாளத்திலும் தமிழிலும் எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.