நடனத்துக்கும் இடம் வேண்டும்



தங்கள் கலைக்களஞ்சியத்தின் ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ என்ற நடனப் படைப்பு பற்றிய கட்டுரை, ஏரன் கோப்லாண்டின் இசையையே விரிவாகப் பேசுகிறது. நடனத்தை அமைத்த மார்த்தா கிரஹாமுக்கு ஒரே வரிதான். அடுத்த பதிப்பிலாவது இது சரியாக வேண்டும்.

அந்த இசை நடனத்துக்கென்றே எழுதப்பட்டது. 1944 அக்டோபர் 30 அன்று அந்த நடனம் வாஷிங்டனில், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. மணப்பெண்ணாகக் கிரஹாமே ஆடினார். கணவனாக எரிக் ஹாக்கின்ஸ், மதபோதகராக மெர்ஸ் கன்னிங்ஹாம். வீட்டின் வெறும் சட்டகத்தையும் வேலித் துண்டையும் கொண்டு இசாமு நொகுச்சி மேடையை அமைத்தார். இவை எதுவும் கட்டுரையில் இல்லை.

இசைப் பகுதியிலும் ஒரு குழப்பம். மூல வடிவம் 13 கருவிகளுக்கானது: புல்லாங்குழல், கிளாரினெட், பசூன், பியானோ, ஒன்பது தந்திக் கருவிகள். கச்சேரிகளில் பெரும்பாலும் ஒலிப்பதோ, கோப்லாண்ட் 1945இல் முழு இசைக்குழுவுக்காகச் சுருக்கி எழுதிய தொகுப்பு. நடனத்தின் சில பகுதிகள் அதில் இல்லை. கட்டுரை இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறது.

காட்சி வரிசையையும், அந்தந்த இடத்துக்குரிய இசையையும் இணைத்து எழுதினால் பயன் மிகும். ஷேக்கர் சமயத்தாரின் ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ மெட்டு வேறுபாடுகளுடன் வளரும்போது மேடையில் யார், என்ன செய்கிறார்கள் என்பதே வாசகருக்குத் தேவை. கிரஹாம் ஆடிய 1958ஆம் ஆண்டுத் திரைப்படம் இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் பார்த்து எழுதலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை