பாத்திரந் துலக்குதல்

சமையலைப் பற்றி எழுதுவோர் பலர். சமைத்தபின் குவியும் சட்டிகளைப் பற்றி எழுதுவோர் இலர். அவ்வேலையோ நாடோறும் மூன்று வேளையும் வருவது. பரீட்சைக்குப் படிக்கும் மகளின் தலையிலேயே பெரும்பாலும் விழுவது. (அதே பரீட்சைக்குப் படிக்கும் மகன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவதையும் காண்கிறோம்.)

நம் பாட்டிமார் சாம்பலும் பொச்சுத் தும்பும் கொண்டே துலக்கினர். அஃது அறியாமையன்று. விறகுச் சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து ஒருவாறு சவர்க்காரமாகவே மாறுகிறது. பழப்புளியின் அமிலம் பித்தளையிற் படிந்த களிம்பைக் கரைக்கிறது. ஆயின், அதே சாம்பலை அலுமினியத்திற் தேய்த்தால் காரம் உலோகத்தை அரித்துக் கருக்கச் செய்யும். அதற்குப் புளியே தகும். மண்சட்டிக்குச் சவர்க்காரம் ஆகாது. நுண்டுளைகளில் ஊறி மறுநாட் குழம்பில் மணக்கும்.

தும்பு விரைவில் உலரும். இன்று அதனிடத்தைப் பிடித்த பஞ்சோ எந்நேரமும் ஈரமாகவே கிடக்கிறது. 2017இல் ஜேர்மனியில் பழைய சமையலறைப் பஞ்சுகளை ஆராய்ந்தோர், சிலவிடங்களில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 5,000 கோடி பக்டீரியாக்கள் வரை இருக்கக் கண்டனர். அவை யாவும் நோய் தருவன அல்ல. எனினும், அடிக்கடி சுத்தஞ் செய்ததாகச் சொல்லப்பட்ட பஞ்சுகளும் இதற்கு விலக்காகவில்லை. பஞ்சை விரும்புவோர் அதனை அடிக்கடி எறிந்து புதிது வாங்கத் துணிவாராக.

இனி, குழாய் வாயிற் பூட்டும் சல்லடை மூக்குகள். இவை நீரோடு காற்றைக் கலந்து, நிமிஷத்துக்கு 10 லீற்றருக்கு மேற் கொட்டும் குழாயை 6 லீற்றரளவிற்குக் குறைக்க வல்லன. கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது சிறிய இலாபமன்று. ஆனால், வாங்குமுன் உங்கள் நீர்த்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று பாருங்கள். காற்றுக் கலப்பதற்கு அழுத்தம் வேண்டும். 10 மீற்றர் உயரத்து நீரே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தந் தரும். 3 மீற்றர் உயரத் தொட்டி அதில் மூன்றிலொன்றும் தராது. மூக்கைப் பூட்டியதும் நீர் நூலாக ஒழுகும். எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. வாங்கிய மூக்கு இப்பொழுது மேசை லாச்சிக்குள் உறங்குகிறது.

அழுத்தம் போதிய வீடுகளிலும் ஒரு தொல்லை உண்டு. சுண்ணாம்புக் கற்பாறையூடு ஊறிவரும் நம் நீர் வன்னீர். அதிற் சவர்க்காரம் நுரையாமல் ஆடைபோற் திரள்வதும், கண்ணாடித் தம்ளர்கள் மங்குவதும் இதனாலேயே. அச்சுண்ணாம்பு சல்லடைக் கண்களையும் அடைத்துவிடும். மாதமொருமுறை மூக்கைக் கழற்றி, வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஓரிரவு ஊறவிட்டால் கரைந்துபோம்.

தொட்டி தாழ்ந்த வீட்டாருக்கு இரண்டு பேசின்கள் போதும். ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றதில் அலசும் நீர். முதலில் தம்ளர்கள், பின்பு தட்டுகள், கடைசியில் எண்ணெய்ச் சட்டி. திறந்த குழாய் ஐந்து நிமிஷத்தில் 50 லீற்றரைக் கொண்டுபோகும். இங்கே 15 லீற்றரில் வேலை முடியும். பேசின் இரண்டு ஆகையால் ஆளும் இருவர் வேண்டும். அலசுவதற்கு மகனைக் கூப்பிடுங்கள்.